விசிட் விசாவில் வேலை தேடி அமீரகம்: புறப்படும் முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

படிப்பை முடித்துவிட்டு வேலை அமையாமல் இருக்கும் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒரு விசிட் எடுத்து துபைக்கு அனுப்பிப் பாருங்களேன்" என்று நம் ஊர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் அந்த வழியில் போய் நிலைத்தவராகவோ, அப்படி நிலைத்தவரின் உறவினராகவோ இருப்பார். சாச்சா ஒருவர் தேராவில், மச்சான் ஒருவர் ஷார்ஜாவில் என்று இல்லாத குடும்பம் நம் கடலோர ஊர்களில் குறைவு. ஆகவே இது தவறான வழி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இப்படிப் போய், முறையான வேலையில் சேர்ந்து, தங்கைகளைக் கரையேற்றி, வாப்பாவின் கடனை அடைத்தவர்கள் ஏராளம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 15, 20 ஆண்டுகளுக்கு முன் போனவரின் அனுபவத்தை வைத்து இன்றைய பையனை அனுப்பும்போதுதான். அன்று விசிட் முடிந்தால் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், புது விசா வரும்வரை சில நாட்கள் காத்திருந்து திரும்புவார்கள். கிஷ் என்றாலே அந்தத் தலைமுறைக்கு ஒரு தனிக் கதை உண்டு. இன்று விசா முறை, தொழிலாளர் சட்டம், கண்காணிப்பு எல்லாமே மாறிவிட்டன. இன்றைய நிலவரத்தில் ஒரு குடும்பம் எவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், டிக்கட் போடும் முன் அமீரக அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசா எதற்கு அனுமதி தருகிறது?

நாம் விசிட் என்று பொதுவாகச் சொல்வது 30 அல்லது 60 நாட்களுக்கான சுற்றுலா விசாதான். இந்த விசாவில் இருந்துகொண்டு விண்ணப்பம் போடுவதையோ நேர்காணலுக்குப் போவதையோ யாரும் பிடிப்பதில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் வேலை செய்வது சட்டப்படி குற்றம், அது ஒரே ஒரு நாளாக இருந்தாலும். இந்தக் கோட்டை ஒவ்வொரு பையனும் அவனை அனுப்பும் பெற்றோரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

"ஒரு வாரம் ட்ரையல் பாருங்கள், சரிப்பட்டால் விசா அடித்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்வார். அவர் நம் மொழி பேசுபவராக, ஏன், நம் ஊர்க்காரராகக்கூட இருப்பார். ஒரு வாரம் இரண்டு வாரமாகும், பிறகு ஒரு மாதமாகும். விசா நாட்கள் கரைந்தபின், "இப்போதைக்கு ஆள் தேவையில்லை" என்று பதில் வரும். சம்பளம் கேட்டு எங்கும் போய் நிற்க முடியாது, ஏனென்றால் வேலை செய்ததே குற்றம். 2024 ஆகஸ்ட் இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்துக்கு 1 லட்சம் திர்ஹமிலிருந்து 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். ஆகவே ஒழுங்கான நிறுவனம் எதுவும் ட்ரையல் கேட்காது. கேட்கிறவர் சட்டத்தை மீறத் தயாராக இருப்பவர் என்பதை அந்த ஒரு கேள்வியிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

2022 அக்டோபர் 3 முதல் அமீரகம் வேலை தேடுவோருக்கென்றே தனி விசா ஒன்றையும் தருகிறது. நம்மவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. 60, 90, 120 நாட்கள் என மூன்று கால அளவுகளில் கிடைக்கும். அமீரகத்தில் ஸ்பான்சர் யாரும் தேவையில்லை. குறைந்தபட்சம் பட்டப்படிப்பு வேண்டும். அத்துடன் மேலாளர், தொழில்முறை வல்லுநர், டெக்னீஷியன் ஆகிய முதல் மூன்று திறன் நிலைகளில் ஒன்றைச் சேர்ந்தவராகவோ, உலகின் சிறந்த 500 பல்கலைக்கழகங்களில் ஒன்றில் அண்மையில் பட்டம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். வைப்புத் தொகையும் கட்ட வேண்டும். கடை, டெலிவரி, உதவியாளர் வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் அனுபவமுள்ள இன்ஜினியரோ கணக்காளரோ உங்கள் வீட்டில் இருந்தால், 30 நாள் சுற்றுலா விசா எடுக்கும் முன் இதற்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது நல்லது. 60 நாளில் வேலை தேடுபவருக்கும் 120 நாளில் தேடுபவருக்கும் மன நிலையே வேறு. இந்த விசாவிலும் வேலை செய்யக் கூடாது, தேடலாம், அவ்வளவுதான்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

விசாவின் நாள் கணக்கு அங்கே இறங்கியதும் ஓட ஆரம்பிக்கிறது. இங்கே இருக்கும்போது அது ஓடுவதில்லை. இதை யோசித்தால், இங்கே செய்ய முடிந்த எதையும் அங்கே போய்ச் செய்யக் கூடாது என்பது விளங்கும்.

முதலில் சான்றிதழ். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அசல் சான்றிதழ் கையை விட்டுப் போய்த் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். வேலை கிடைத்தபின் அசலைக் கூரியரில் ஊருக்கு அனுப்பி, முத்திரை வாங்கி, மீண்டும் வரவழைப்பதற்குள் நிறுவனம் வேறு ஆளைப் பார்த்துவிடும்.

தொழிலுக்கேற்ற உரிமமும் அப்படித்தான். நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் போன்றவர்கள் அந்தந்த எமிரேட்டின் சுகாதாரத் துறைத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிக்காமல் பணியில் சேர முடியாது. விண்ணப்பத்தை இங்கிருந்தே தொடங்கலாம், தேர்வையும் இந்திய நகரங்களிலேயே எழுதலாம். டிரைவர் வேலைக்கென்று போகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: இந்திய லைசென்ஸை அமீரக லைசென்ஸாக அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். அங்கே பயிற்சிக்குச் சேர்ந்து தேர்வில் தேற வேண்டும், அதற்கு ரெசிடென்ஸ் விசா வேண்டும், செலவும் ஆயிரக்கணக்கான திர்ஹம். "லைசென்ஸ் இருக்கு, டிரைவராப் போயிடலாம்" என்று நம்பி விசிட்டில் போவது வீண். கணக்காளர் வேலைக்கு டேலி மட்டும் போதாது. 2018 ஜனவரி முதல் 5 சதவீத வாட் வரி, 2023 ஜூன் முதல் 9 சதவீத கார்ப்பரேட் வரி என்று அங்கே கணக்கு வழக்கே மாறிவிட்டது. அமீரக வாட் பற்றி நேர்காணலில் நாலு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டுப் போகிறவனுக்கும் வெறும் பி.காம் சான்றிதழோடு போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது உடல்நிலை. வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள். நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்பு இருந்தால்கூடச் சிக்கல் வரலாம். வேலை கிடைத்து, விசாவும் போட்டபின் மெடிக்கலில் தவறித் திரும்புவது எவ்வளவு பெரிய இழப்பு! இங்கே ஒரு எக்ஸ்ரே எடுக்க ஆகும் செலவு மிகச் சிறியது.

பெட்டி கட்டும்போது உம்மாமார் கவனிக்க வேண்டியது கசகசா. குருமாவுக்கும் பிரியாணிக்கும் என்று பொட்டலம் கட்டி வைத்துவிடாதீர்கள். அமீரகம், சவூதி உள்ளிட்ட நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. வெற்றிலைப் பாக்கு, பான் வகைகளும் வேண்டாம். வலி மாத்திரை, இருமல் மருந்து, மனநல மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. சில மருந்துகளுக்கு முன் அனுமதியே தேவை. அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கும் பார்சலை அவர் கண் முன்னாலேயே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எப்போது போவது என்பதும் ஒரு கேள்வி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் விடுமுறையுமாகப் பல நிறுவனங்களில் ஆள் எடுக்கும் வேலை மந்தமாக இருக்கும். ரமளானில் வேலை நேரம் குறைவு, முடிவுகள் பெருநாளுக்குப் பின் என்று தள்ளிப்போகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், ஆண்டுத் தொடக்க மாதங்களில் ரமளான் வராத நாட்களும் பொதுவாக ஏற்றவை. விசா மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஜூலையில் அனுப்புகிறவர்கள் அந்த மலிவுக்கு வேறு வகையில் விலை கொடுக்கிறார்கள்.

பணமும் திரும்பும் தேதியும்

விசா, டிக்கட், தங்குமிடம், சாப்பாடு, மெட்ரோ, போன் என்று எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெட் ஸ்பேஸ் எனப்படும் ஒரு கட்டில் இடத்துக்கே மாதம் பல நூறு திர்ஹம் ஆகும். உறவினர் அறையில் தங்குவதாக இருந்தாலும் மாதம் 1,000 திர்ஹமாவது கையில் இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. இது தவிர, 2024 முதல் துபை வரும் சுற்றுலா விசாக்காரர்களிடம் திரும்பும் டிக்கட், தங்குமிட ஆதாரம், 3,000 திர்ஹம் அளவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். இவை இல்லாமல் இந்திய விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது வட்டிக்கு வாங்கப்படுகிறது. வட்டி நமக்கு ஹராம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மாதா மாதம் ஏறும் கடனோடு போகிற பையன் நிதானமாக வேலை தேட மாட்டான், கிடைத்ததில் விழுவான் என்பதை உலகியலாகப் பார்த்தாலும் புரிந்துகொள்ளலாம். வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல் மால் உங்கள் மஹல்லாவில் இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் இங்கேயே ஏதாவது வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போவதில் கேவலம் ஒன்றுமில்லை. அந்த ஆறு மாத அனுபவம் பயோடேட்டாவில் ஒரு வரியாகவும் உதவும்.

பணத்தைவிட முக்கியமாக வீட்டில் பேசி முடிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேலை கிடைக்காவிட்டால் எந்தத் தேதியில் திரும்புவது என்பதுதான் அது. இந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அபசகுனம் போல நினைக்கிறார்கள். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், நீ போ" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பையன் போகும்போது தெருவே வந்து வழியனுப்புகிறது. 50 நாள் ஆன பிறகு, வேலை கிடைக்கவில்லை, திரும்பி வரட்டுமா என்று கேட்க அவனுக்கு நாக்கு எழுவதில்லை. போனில் "இன்டர்வியூ முடிஞ்சிருக்கு, சொல்றேன்னு சொல்லிருக்காங்க உம்மா" என்கிறான். வீட்டிலும் "இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாரேன்" என்கிறார்கள். அந்தக் கொஞ்ச நாள்தான் ஓவர்ஸ்டே ஆகிறது.

விசா முடிந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் 50 திர்ஹம் அபராதம். ஒரு மாதத்துக்கு 1,500 திர்ஹம். நான்கு மாதமானால் 6,000. விசா முடிந்தபின் பத்து நாள் சலுகை உண்டு என்ற பழைய பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். விசாவை முறையாக நீட்டிக்க வழி உண்டு, ஆனால் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பணம் கட்ட வேண்டும், காலாவதி ஆகும் முன்பே செய்ய வேண்டும். நீட்டிப்பது என்றால் எத்தனை முறை, அதற்கான பணம் எங்கே என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். கையில் உறுதியான ஆஃபர் லெட்டர் இருந்து, நடைமுறை முடிய நாள் வேண்டும் என்பதற்காக நீட்டிப்பதில் பொருள் உண்டு.

எனவே வாப்பாவோ மாமாவோ பையனை உட்கார வைத்து, "இந்தத் தேதி வரை முயற்சி செய். கிடைக்கவில்லை என்றால் திரும்பி வா. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரும்பும் டிக்கட் கையில் இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் அந்த வார்த்தையை வீட்டார் காப்பாற்றவும் வேண்டும். கல்யாண வீட்டில் "என்ன தம்பி, துபை ராசியில்லையா?" என்று கேட்கும் உறவினர்களை வாயடைக்கச் செய்வதும் பெற்றோரின் பொறுப்புதான்.

அங்கே போன பிறகு

தங்குமிடம் ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் மலிவு என்பது உண்மை. ஆனால் வேலை தேடுவது துபையில் என்றால், தினமும் பஸ்ஸுக்கும் டிராபிக்குக்கும் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் தேரா, கராமா, பர்துபை பக்கம் இரண்டு மாதம் தங்குவது பல நேரம் லாபமாகவே முடியும். ஒன்றைக் கவனியுங்கள்: பலகை வைத்துத் தடுத்துப் பல அறைகளாக்கிய வீடுகளுக்கு எதிராக 2025 ஜூனில் துபை மாநகராட்சி அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, ராஃபா, பர்ஷா பகுதிகளில் நடவடிக்கை எடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் முன்பணம் கொடுத்துவிட்டுத் திடீரென்று தெருவுக்கு வரும் நிலை வேண்டாம்.

பயோடேட்டாவில் அமீரகத் தொலைபேசி எண்ணும், விசா எந்தத் தேதி வரை உள்ளது என்பதும் இருக்கட்டும். உடனே சேர முடியும் என்பது விசிட்டில் இருப்பவருக்குள்ள ஒரே சாதகம், அதை மறைக்கத் தேவையில்லை. லிங்க்டுஇன், நௌக்ரி கல்ஃப், பைத் போன்ற தளங்களில் கணக்கை ஊரில் இருக்கும்போதே தொடங்கி, ஒரு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஊர் ஜமாஅத்துகளின் துபை, அபுதாபி கிளைகள் பலவும் வேலை விபரங்களைத் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கின்றன. இவற்றால் கிடைக்கும் வேலைகள் உண்மையிலேயே அதிகம். ஆனால் குழுவில் வந்தது என்பதாலேயே செய்தி சரியாகிவிடாது. பகிர்ந்தவருக்கு அந்த நிறுவனத்தை நேரில் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள்.

தன் பெயரில் வாங்கிய சிம் கார்டையோ வங்கிக் கணக்கையோ யாருக்கும் கொடுக்கக் கூடாது. "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பவர் மோசடிக்காரர். வழக்கு கணக்கின் சொந்தக்காரர் மீதுதான் வரும். பணம் தீர்ந்துபோனவர்கள் பள்ளிவாசல் வாசலில் நின்று உதவி கேட்பதையும் தவிர்க்க வேண்டும். அமீரகத்தில் யாசகம் சட்டப்படி குற்றம். பணம் தீர்ந்துவிட்டால் முதலில் வீட்டுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆஃபர் லெட்டரைப் படிப்பது எப்படி?

நிறுவனத்தின் லெட்டர்பேடில் சம்பளத்தை எழுதிக் கொடுத்தால் அது ஆஃபர் லெட்டர் ஆகிவிடாது. ஃப்ரீ ஸோன் அல்லாத தனியார் நிறுவனங்களில், மனிதவள அமைச்சகத்தின் வடிவிலான ஆஃபரில் பரிவர்த்தனை எண் இருக்கும், அமைச்சகத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்பது விதி. அரபு, ஆங்கிலத்தோடு சேர்த்துத் தரப்படும் மொழிகளில் தமிழும் உண்டு, கேட்டு வாங்கலாம். பின்னர் போடப்படும் ஒப்பந்தம் இந்த ஆஃபரில் உள்ளதற்குக் குறைவாக இருக்கக் கூடாது. ஃப்ரீ ஸோன் நிறுவனமானால் அந்த ஸோனின் நிர்வாகத்திடம் விசாரிக்க வேண்டும்.

சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 3,000 திர்ஹம் என்று சொல்லி அடிப்படையை 1,000 என்று எழுதியிருப்பார்கள். பணி முடிந்து வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம் என்பது விதி. பத்து ஆண்டு உழைத்தவரின் கையில் வரும் தொகையை இந்த ஒரு வரி தீர்மானிக்கிறது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது.

விசாவுக்கு யார் பணம் கட்டுவது? இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவையும் வேலை அனுமதிச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் நேரடியாகவோ, சம்பளத்தில் பிடித்தோ வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. நடைமுறையில் "விசாவுக்கு 6,000 திர்ஹம் கட்டு" என்று கேட்கிற சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. நம்மவர்களும் கொடுத்துவிட்டு, அதற்கு ரசீது கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். வேலைக்காகப் பணம் கேட்கும் இடத்தில் வேலை இருக்குமா என்பதே சந்தேகம்.

"ஃப்ரீ விசா", "ஆசாத் விசா" என்ற பெயரில் விற்கப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் பெயரில் விசா, வேலையை நீயே தேடிக்கொள், எங்கு வேண்டுமானாலும் செய் என்பார்கள். அப்படி ஒரு விசா வகை எந்த வளைகுடா நாட்டுச் சட்டத்திலும் இல்லை. ஸ்பான்சர் அல்லாதவரிடம் வேலை செய்வது குற்றம். சவூதியில் ஸ்பான்சர் ஹுரூப் கொடுத்துவிட்டால், அதாவது ஓடிப்போனவர் என்று புகார் பதிந்துவிட்டால், அதிலிருந்து மீள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆஃபரில் கையெழுத்திட்டதும் வேலை அனுமதி, பிறகு என்ட்ரி பர்மிட், நாட்டுக்குள்ளிருந்தபடியே நிலை மாற்றம், மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி என்று வரிசையாக நடக்கும். வேலை அனுமதியும் நிலை மாற்றமும் கையில் வரும்வரை கடையில் கால் வைக்கக் கூடாது, "சும்மா வந்து பழகிக்கோ" என்று அழைத்தாலும் சரி.

இந்தியப் பக்கத்து விதிகள்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர் பிரிவில் வரும். அமீரகம், சவூதி, கத்தர், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இது இ-மைக்ரேட் தளம் வழியாக நடக்கிறது. அப்போது எடுக்கப்படும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட்டில் போகிறவர் இந்தப் பதிவுக்குள்ளேயே வருவதில்லை. அரசுக் கணக்கில் அவர் ஒரு சுற்றுலாப் பயணி. இ.சி.ஆர் பாஸ்போர்ட்காரர்கள் முறையான வேலை விசாவில் மட்டுமே போவது நல்லது.

ஏஜென்டுகளில் இரு வகை உண்டு. டிக்கட்டும் சுற்றுலா விசாவும் விற்கும் டிராவல்ஸ்காரர் வேறு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க இந்திய அரசின் உரிமம் பெற்றவர் வேறு. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லாதவர், "என் தம்பி அங்கே கம்பெனியில் பெரிய ஆள், ஒன்றரை லட்சம் கொடுங்கள்" என்றால், அவர் எத்தனை வருடப் பழக்கமானாலும் சட்டப்படி அவர் செய்வது குற்றம். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இயங்குகிறது, நர்ஸ் உள்ளிட்ட பல வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளைப் பார்ப்பதற்குச் செலவில்லை.

வீட்டு வேலைக்கென்று பெண்களை விசிட் விசாவில் அழைக்கும் ஏஜென்டுகளிடம் மட்டும் எந்தப் பேச்சும் வேண்டாம். துபை என்று சொல்லி அழைத்துச் சென்று, அங்கிருந்து ஓமனுக்கு மாற்றப்பட்டுத் தவித்த பெண்கள் உண்டு. தாய்லாந்தில் ஐ.டி வேலை என்று சுற்றுலாப் பயணியாக அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும், அவர்களில் தமிழர்களும் இருந்ததும் 2022-ல் நாடறிந்த செய்தியானது. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் போகலாம் என்பதை வைத்து, "போய் இறங்குங்கள், பர்மிட் போட்டுத் தருகிறோம்" என்கிற பேச்சும் நடக்கிறது. சுற்றுலாவாக நுழைந்து உணவகத்தில் வேலை செய்தால் அங்கே தடுப்பு முகாமும் நாடு கடத்தலும்தான்.

காலக்கெடு ஏற்கெனவே முடிந்திருந்தால்

ஓவர்ஸ்டே ஆகிவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு நாளும் 50 திர்ஹம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பொது மன்னிப்பு வரும் என்று காத்திருக்கச் சொல்பவர்கள் அறையில் பலர் இருப்பார்கள். 2018-ல் வந்தது, பிறகு 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் இறுதி வரை வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அபராதத்தைக் கட்டிவிட்டுத் தானாக வெளியேறுபவரின் நிலை, பிடிபட்டு நாடு கடத்தப்படுபவரின் நிலையைவிட எவ்வளவோ மேல். நாடு கடத்தப்பட்டவர் மீண்டும் நுழைவது கடினம்.

துபையிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திராவை அமீரகத்துக்குள்ளிருந்து 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். சட்ட ஆலோசனை கிடைக்கும். உண்மையிலேயே வழியில்லாதவர்களுக்குச் சமூக நல நிதியிலிருந்து டிக்கட் தர தூதரகத்துக்கு ஏற்பாடு உண்டு. ஊரில் இருக்கும் பெற்றோர், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் புகார் பதியலாம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இந்தியில் மதத் என்றால் உதவி. பதியும்போது பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், விசா நகல், அங்குள்ள முகவரி ஆகியவை கேட்பார்கள். இந்த மூன்றின் நகலையும் அவன் புறப்படும் அன்றே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறினால் வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்கள்.